மணல்மேல் பந்தி

எதை உண்பது என்பதைச் சமயங்கள் விரிவாக விதித்திருக்கின்றன. யாரோடு உண்பது என்பதைப் பற்றி மெய்யியலாரும் சீர்திருத்தக்காரர்களும் நெடுங்காலம் வாதிட்டிருக்கிறார்கள். எங்கே உண்பது என்ற கேள்வி மட்டும் பயணக் கையேடுகளின் பொறுப்பில் விடப்பட்டுவிட்டது. விவிலிய நூலான லேவியராகமத்தின் 11ஆம் அதிகாரம் சிறகும் செதிளும் இல்லாத நீர்வாழ் உயிர்களை விலக்கி, நண்டையும் சிப்பியையும் யூதரின் தட்டிலிருந்து அகற்றியது. உணவுக்கும் பானத்துக்கும் முன்பாக உடன் உண்பவரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று கிரேக்க மெய்யியலார் எபிகூரஸ் சொன்னதாக, உரோமச் சிந்தனையாளர் செனேகா தம் 19ஆம் கடிதத்தில் பதிவு செய்கிறார். இந்தியாவில் இந்த இரண்டாம் கேள்வி சாதியின் கேள்வியாகவே இருந்தது. சமபந்தி என்பது சமையற்கட்டுச் சொல்லாக நில்லாமல் அரசியல் சொல்லாக மாறியதும் அதனால்தான். இவற்றோடு ஒப்பிட்டால் மூன்றாம் கேள்வி, விடுமுறைக்கு வந்த குடும்பம் பசி வந்தபின் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டிப் பேசித் தீர்த்துக்கொள்ளும் சில்லறைச் சிக்கலாகவே எண்ணப்படுகிறது.

காலடியில் உள்ள இடமே நிலையாக இல்லாத ஓர் ஊரில் வைத்துக் கேட்டால் இதே கேள்வி வேறு முகம் காட்டும். அத்தகைய ஊர்கள் தடுப்புத் தீவுகளில் இருக்கின்றன. பெருநிலக் கரைக்கு இணையாக, அதற்கும் திறந்த கடலுக்கும் நடுவே, அலையும் காற்றும் குவித்த மணலால் உருவாகி நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் தீவையே நிலவியலார் தடுப்புத் தீவு என்கிறார்கள். கடலின் முதல் அடியைத் தான் வாங்கிக்கொண்டு கரைக்கு அரணாக நிற்பதால் அந்தப் பெயர். அரண் என்றாலும் அது அசையாத மதில் அன்று. புயற்காலத்தில் அலைகள் தீவின் கடல்முகத்திலிருந்து மணலை அரித்தெடுத்து, மேலேறித் தாண்டி, பின்புறத்துக் காயலில் கொட்டுகின்றன. முன்னே தேய்ந்து பின்னே வளர்கிற தீவு, கடல்மட்டம் உயர உயரப் பெருநிலத்தை நோக்கி மெல்ல உருண்டு நகர்கிறது. நகர்வதே அது பிழைத்திருக்கும் வழி என்பதால், ஒரே இடத்தில் அதை நிறுத்தி வைக்க மனிதர் எடுக்கும் முயற்சிகள் பெரும்பாலும் அதற்கே ஊறாகின்றன.

வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், வட கரோலினா மாநிலத்துக்கு எதிரே இத்தகைய தீவுகள் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தொலைவுக்குச் சங்கிலியாகக் கிடக்கின்றன. அவுட்டர் பேங்க்ஸ் என்று பெயர் பெற்ற அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஓக்ரகோக். பாலம் கிடையாது, வாகனங்களையும் ஏற்றிவரும் அரசுப் படகிலோ, சொந்தப் படகிலோ, சிறு விமானத்திலோதான் அங்கே போக முடியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே 797 பேர் இருந்தார்கள். கோடையில் அந்த எண்ணிக்கையைப் பல மடங்கு விஞ்சி வருகிறார்கள் விடுமுறைக்காரர்கள். தீவின் தென்மேற்கு முனையில் ஒரு சிறு துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் ஊர் நீங்கலாக ஏறத்தாழ முழுத் தீவும் ஹாட்டரஸ் முனைத் தேசியக் கடற்கரையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் அவ்வகையில் முதலாவதான அதற்கு 1937இல் சட்டம் இயற்றப்பட்டு, 1953இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆகவே திறந்த கடலைப் பார்த்த கரையில், எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும், ஓர் உணவகமும் தென்படாது. சாப்பிட வேண்டுமானால் கடலுக்கு முதுகு காட்டி, காயல் பக்கத்து ஊருக்குள் வர வேண்டும். பார்க்க வந்த இடமும் பசியாறும் இடமும் வெவ்வேறு என்பதை இந்தத் தீவு தன் அமைப்பிலேயே சொல்லிவிடுகிறது. கடற்கரையை ஒட்டி மாடிமேல் மாடியாக விடுதி எழுப்பிய ஊர்களில் இந்த வேறுபாடு மறைந்துபோயிருக்கும்.

அங்கே உணவகத்தில் உட்காருபவருக்கு மேசைமேல் முதலில் வருவது ஒரு குவளைத் தண்ணீர். அமெரிக்க வழக்கப்படி அதற்கு விலை இல்லை. உணவுப்பட்டியலில் விலை குறிக்கப்பட்ட எல்லாவற்றையும்விட அத்தீவில் அரிதாயிருந்த பொருள் அந்தத் தண்ணீர்தான். குடிநீர் வழங்கும் அமைப்பு வருவதற்கு முன், கூரையில் விழும் மழையைத் தொட்டியில் தேக்கி அதைக் கொண்டே சமைத்தும் குடித்தும் வாழ்ந்தார்கள்; இப்போது ஆழ்கிணற்றின் உவர்நீரை நுண்சவ்வு வழியே அழுத்தி உப்பு நீக்குகிறார்கள். இலவசமாக வருவதே ஊரின் பெருமுயற்சியாகவும், பணம் கொடுத்து வாங்குவது படகில் வந்திறங்கிய எளிய சரக்காகவும் இருக்கிற ஒரு மேசையில், உண்பவர் யாருடைய விருந்தினர் என்று கேட்பது வெறும் சொல்விளையாட்டு ஆகாது.

யாருடைய விருந்தினரும் அல்லர், அவர் வாடிக்கையாளர் என்பதே உடனடியாக வரக்கூடிய மறுமொழி. அதைக் கீழான பதிலாக எண்ணி ஒதுக்குவது நியாயமாகாது. பணம் கொடுத்து உண்பதில் ஒரு விடுதலை இருக்கிறது: உண்பவர் நன்றிக்கடன் சுமக்க வேண்டியதில்லை, இடுபவரும் ஈகையாளர் என்ற உயரத்தில் ஏறி நிற்க வேண்டியதில்லை. வீட்டு விருந்து குலம் கேட்கும், கோத்திரம் கேட்கும், சமயத்தில் திண்ணையோடு நிறுத்திவிடும். காசு வாங்கும் கடை, சட்டமும் காலமும் அதைக் கட்டாயப்படுத்திய பிறகாவது, எதையும் கேட்காமல் தட்டை வைக்கிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் உணவக மேசைகளில் அமரும் உரிமைக்காகவே அறப்போர் நடத்தினார்கள் என்பதும், வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் 1960 பிப்ரவரி 1 அன்று அப்படி ஒரு மேசையில் அமர்ந்ததிலிருந்து அந்தப் போராட்டம் பரவியது என்பதும் நினைவுகொள்ளத்தக்கவை. அவர்கள் கேட்டது யாருடைய அன்பையும் அன்று. காசு கொடுத்து உண்ணும் உரிமையை. எனவே வாடிக்கையாளர் என்ற நிலை அற்பமானது அன்று. ஆனால் அது கணக்குத் தீர்ப்பது சமைத்தவரோடும் கடைக்காரரோடும் மட்டுமே. மீன் வளர்ந்த காயலோடும், அலையைத் தாங்கிய மணல்மேட்டோடும், ஊரோடும் உள்ள கணக்கு அந்தச் சீட்டில் ஏறுவதில்லை.

இந்த இடத்தில்தான் மெய்யியலார் இம்மானுவேல் காண்ட் வகுத்த ஒரு வேறுபாடு பயன்படுகிறது. 1795இல் வெளியான நிலையான அமைதி பற்றிய நூலில் அவர், அயல்நாட்டில் கால்வைக்கும் எவருக்கும் பகைவராக நடத்தப்படாதிருக்கும் உரிமை உண்டு என்றார். அதை வருகையுரிமை என்று அழைத்து, ஒரு வீட்டில் சிறிது காலம் குடும்பத்தில் ஒருவராக ஏற்கப்படும் விருந்துரிமையிலிருந்து அதைப் பிரித்தார். முன்னது மனிதர் அனைவருக்கும் உரியது. பின்னது தனி உடன்பாட்டால் மட்டுமே கிடைப்பது. முன்னதற்கு அவர் காட்டிய காரணம் வடிவியல் சார்ந்தது: நிலவுலகம் உருண்டை, அதன் பரப்பு எல்லையுள்ளது, மனிதர் முடிவில்லாமல் விலகி விலகிப் போய்க்கொண்டிருக்க முடியாது, ஆகவே ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு அருகருகே வாழ்ந்தாக வேண்டும், தொடக்கத்தில் எந்த இடத்தின்மீதும் ஒருவருக்கு மற்றவரைவிட மிகுதியான உரிமை இருந்ததில்லை. இவ்வாறு வரவேற்பின் அளவைச் சிக்கனமாக வரையறுத்த இதே அறிஞர், நாள்தோறும் நண்பகலில் நண்பர்களை அழைத்து உடனிருத்தி உண்டவர் என்பதும், 1798இல் வந்த மானிடவியல் நூலில் மெய்யியலார் தனித்து உண்பது உடலுக்குக் கேடு என்றும், பந்தியில் இருப்போர் அருள்தேவியர் மூவருக்குக் குறையாமலும் கலைத்தேவியர் ஒன்பதின்மருக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்றும் எழுதியவர் என்பதும் சுவையான முரண். உரிமையாகக் கோர முடியாததைத் தம் வீட்டில் அவர் வழக்கமாகவே கொடுத்துவந்தார் என்று கொண்டால் முரண் தணியும்.

விடுமுறைக்காரர் காண்டின் இரு கூண்டுகளிலும் அடங்க மறுப்பவர். கடல் தள்ளிக் கரையேறிய வழிப்போக்கரைப் போல வெறும் வருகையுரிமையோடு அவர் நிற்பதில்லை. வாரக் கணக்கில் வீடு எடுத்து, அடுப்பும் படுக்கையும் தமக்கென வைத்துக்கொள்கிறார். அவரைக் குடும்பத்தில் ஒருவராக ஏற்றவரும் யாரும் இல்லை. அவர் விலை கொடுத்து வாங்கியது விருந்துரிமையின் தோற்றத்தை. காண்டின் வாதத்திலேயே ஓர் இடைவெளி இருப்பதையும் ஓக்ரகோக் காட்டுகிறது: எல்லையுள்ள பரப்பில் யாருக்கும் முன்னுரிமை இல்லை என்பது சரி, அந்தப் பரப்பே இடம்பெயர்ந்தால், வரவேற்பவர் எதன்மேல் நின்றுகொண்டு வரவேற்பார்?

சொற்களைப் புரட்டினால் இந்தத் தடுமாற்றம் பழையது என்று தெரிகிறது. பிரெஞ்சு மொழியில் ஓத் என்ற ஒரே சொல் விருந்தினரையும் விருந்து அளிப்பவரையும் குறிக்கிறது. 1990களில் விருந்தோம்பல் பற்றி நிகழ்த்திய உரைகளில் மெய்யியலார் ழாக் தெரிதா, யார் வீட்டுக்காரர் யார் வந்தவர் என்ற எல்லை எப்போதும் புரண்டுகொண்டே இருக்கிறது என்பதற்கு இதையே சான்றாக்கினார். அவருக்கு முன் 1969இல் மொழியியலார் எமில் பென்வெனிஸ்த், இலத்தீனில் பகைவரைக் குறித்த ஹோஸ்திஸ் என்ற சொல் தொடக்கத்தில் பரிமாற்றக் கடமையால் பிணைக்கப்பட்ட அயலாரைக் குறித்தது என்று காட்டியிருந்தார். விருந்தினரைக் குறிக்கும் ஹோஸ்பெஸ் என்ற உறவுச் சொல்லின் வழியில் வந்ததே ஓட்டல். இட்டிலி தின்னப் போகும் கடைக்குத் தமிழர் வழங்கும் பெயரில் விருந்தினர் ஒருவர் ஒளிந்திருக்கிறார் என்பதை ஓட்டல்காரரும் அறியார், உண்பவரும் அறியார்.

தமிழின் சொந்தச் சொல் இன்னும் ஆழமாகப் போகிறது. விருந்து என்பதன் அடிப்படைப் பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளை எண்ணும்போது தொன்மையை ஒன்றாகவும் விருந்தை மற்றொன்றாகவும் வைக்கிறது. அங்கே விருந்து என்பது புதிதாகப் புனையப்பட்டது. புதிதாக வந்தவரைக் குறிக்கத் தொடங்கி, பிறகு அவருக்கு இடும் உணவையும் குறிக்க அந்தச் சொல் விரிந்தது. இல்வாழ்வான் கடமைகளை அடுக்கும் இடத்தில் திருக்குறள் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியாக எண்ணுவது இந்த நுட்பத்தினால்தான்: மாமன் மகன் வருவது விருந்து அன்று, முன்பின் அறியாதவர் வருவதே விருந்து. இந்தப் பொருளில் பார்த்தால், ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் புதிய வடிவத்தோடு எழும் மணல்தீவும் ஒருவகை விருந்தே. கடலின் ஓரத்தில் அது புதிதாக வந்து அமர்ந்திருக்கிறது, எத்தனை நாள் என்று சொல்லாமல்.

இத்தகைய இடத்தில் உள்ளூர் உணவையே உண்ண வேண்டும் என்ற இன்றைய அறிவுரை என்னவாகிறது என்று பார்க்கலாம். பயணிகளின் மனச்சான்றுக்கு இதமான அறிவுரை அது, தவறும் அன்று, ஆனால் சொல்பவர்கள் எண்ணுமளவு எளியதும் அன்று. ஓக்ரகோக்கின் பழைய உணவு எனப்படுவது டிரம் மீன், அதாவது நம் கடற்கரையின் கத்தாழை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த பெருமீன். அதை வேகவைத்து, வெந்த உருளைக்கிழங்கோடு தட்டில் மசித்து, பச்சை வெங்காயமும் அவித்த முட்டையும் தூவி, உப்பிட்ட பன்றிக்கொழுப்பைப் பொரித்து உருகிய நெய்யோடு மேலே ஊற்றி உண்பார்கள். மட்டிச் சதைக் குழம்பு இன்னொன்று. வடக்கே பாஸ்டன் பக்கம் பாலும் நியூயார்க் பக்கம் தக்காளியும் சேர்ப்பதுபோல இங்கே சேர்ப்பதில்லை, தெளிந்த சாற்றிலேயே சோளமாவு உருண்டைகள் மிதக்கும். மூன்றாவது, அத்திப்பழப் பாகு சேர்த்துச் செய்யும் கேக்; வீட்டுக்கு வீடு முற்றத்தில் அத்திமரம் நட்டு, வேரடியில் சிப்பி ஓடுகளைக் குவித்து வளர்க்கிறார்கள். இம்மூன்றிலும் தீவு கொடுத்தது பாதியே. பன்றிக்கொழுப்பும் சோளமாவும் கோதுமையும் சர்க்கரையும் படகில் வந்தவை. அத்தியே மேற்கு ஆசியாவிலிருந்து உலகம் சுற்றி வந்த மரம். தீவின் மரபுணவு என்பது கடல் தந்ததும் கப்பல் கொண்டுவந்ததும் ஒரே சட்டியில் வெந்ததுதான். உள்ளூர்த் தன்மை அந்த மண்ணிலிருந்து முளைத்ததில்லை, அங்கே வந்து சேர்ந்தவற்றை அந்த ஊர் பொருத்திய முறையில் உருவானது.

சமைப்பவர்களும் அப்படியே. ஓக்ரகோக்கில் பிறந்து முன்னோரையும் அங்கே உடையவர்களுக்கு ஓக்காக்கர் என்று பெயர், மற்றவர்கள் டிங்பேட்டர். அவ்வூரின் தனித்த ஆங்கில வழக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மொழியியலார் வால்ட் வுல்ஃப்ராம், இந்த இரண்டாம் சொல் 1970களின் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றிலிருந்து தீவுக்குள் வந்தது என்கிறார். வெளியாரை ஒதுக்கும் சொல்லையே வெளியிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறது ஊர்! இன்று உணவகங்களின் அடுப்படியில் நிற்பவர்களில் மெக்சிக்கோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினரும், பருவத்துக்கு மட்டும் வரும் இளைஞர்களும் இருக்கிறார்கள். விடுமுறை வாடகையால் வீட்டு விலை ஏறி, பரிமாறுபவருக்கே தங்க இடம் கிடைப்பது அரிதாகிவிட்டது. வந்தவருக்கு வந்தவர் சமைத்துப் போடும் மேசையில், இடத்துக்குரிய வீட்டுக்காரர் என்று யாரைச் சுட்டுவது?

மீனவர்களைச் சுட்டலாம் என்று தோன்றும். அதற்கும் தக்க காரணம் உண்டு. பிடித்த மீனைப் படகிலிருந்து வாங்கிப் பனிக்கட்டியிட்டுப் பெருநிலத்துக்கு அனுப்பும் கொள்முதல் கூடம் ஊரில் ஒன்றே எஞ்சியிருந்தது. கடலோர நிலத்தின் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அதுவும் கைமாறிப் போகும் நிலை வந்தபோது, 2006இல் மீனவர்கள் சங்கமாகக் கூடி அதைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கர் உண்ணும் கடலுணவில் பெரும்பகுதி அயல்நாடுகளிலிருந்து வருவது. கடலைப் பார்த்துக்கொண்டே அயல்நாட்டு இறாலைத் தின்னும் விந்தை அமெரிக்கக் கடற்கரைகளில் எங்கும் நடப்பது. அந்த நிலையில், அந்தக் கூடத்தின் மீன் எந்தச் சமையலறைக்குப் போகிறது என்று விசாரித்து அங்கே உண்பது நல்ல செயலே. ஆனால் அந்த நன்மைக்கும் ஓரம் உண்டு. காயலில் கழி நட்டு வலைகட்டிப் பிடிக்கும் தட்டைமீன் இனம் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், மாநில அரசு 2019 முதல் அதன்மேல் கடுங்கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஒவ்வொரு விருந்தினரும் உள்ளூர்த் தட்டைமீனையே கேட்டால், பாராட்டப்பட்ட அந்த ஆசையே காயலைக் காலி செய்யும். நல்லெண்ணத்தோடு உண்பவரும் உண்பவரே.

சிப்பி இதில் விதிவிலக்காக நிற்கிறது. வளரும்போதே அது தண்ணீரை வடிகட்டித் தெளிவாக்குகிறது. உண்டபின் மிஞ்சும் ஓடும் குப்பை ஆகாது, ஏனெனில் நீரில் மிதந்து திரியும் சிப்பிக் குஞ்சுகள் ஒட்டி வளர்வதற்குப் பழைய ஓடுகளைப் போல ஏற்ற தளம் வேறில்லை. வட கரோலினா 2007இல் சிப்பி ஓடுகளைக் குப்பைமேட்டில் கொட்டுவதைத் தடைசெய்தது. திரட்டப்படும் ஓடுகள் மீண்டும் காயலுக்கே போகின்றன. ஒருவர் எங்கே உண்டார் என்பதன் எச்சம், இன்னோர் உயிருக்கு எங்கே வாழ்வது என்பதன் விடையாகிறது. லேவியராகமம் விலக்கிய உயிரினத்துக்கு இந்தத் தகுதி வாய்த்திருப்பதைக் கண்டு விதிகளைக் குறை கூறவேண்டியதில்லை. எதை என்ற கேள்விக்காக எழுந்த நூலிடம் எங்கே என்பதற்கு விடை கேட்பது முறையன்று.

ஆயினும் அதே நூலின் 25ஆம் அதிகாரம் எங்கே என்பதற்கு மிக அருகில் வருகிறது. நிலத்தை அறுதியாக விற்கக்கூடாது, ஏனெனில் நிலம் இறைவனுடையது, மக்கள் அவனிடத்தில் அயலாராகவும் தங்கிச் செல்பவராகவும் மட்டுமே இருக்கிறார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. பயிர்நிலத்தை மனத்தில் வைத்துச் சொன்ன அந்தச் சட்டத்தை வேளாண் சமூகங்கள் பெரும்பாலும் பத்திரப்பதிவு வந்ததும் மறந்துவிட்டன. மணல்தீவில் அதை மறப்பது எளிதன்று. சமயநம்பிக்கை இல்லாதவரும் இந்தக் கருத்தின் கட்டமைப்பை ஏற்கலாம்: வீட்டுக்காரர் என்ற இருக்கை காலியாக இருக்கிறது, அதில் அமர்ந்தவர்கள் எல்லாரும் சிறிது நேரத்துக்கு அமர்ந்தவர்கள். அப்படியானால் விருந்தோம்பல் என்பது உள்ளவர் இல்லாதவருக்கு இடுவது என்ற மேல்கீழ் உறவாக இராமல், இருவரும் தங்கிச் செல்பவராக, முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்கு இடம் ஒதுக்குவதாக ஆகிறது. வாடிக்கையாளர் செலுத்தாமல் விட்ட கணக்கும் இங்கேதான் பொருள்படுகிறது. அதைத் தீர்க்க முடியாது, ஏனெனில் வாங்கிக்கொள்ள உரிமையாளர் யாரும் இல்லை. அடுத்து வருபவருக்கு இடம் மிச்சம் வைக்க மட்டுமே முடியும்.

2019 செப்டம்பர் 6 அன்று இது கருத்தாக மட்டும் இருக்கவில்லை. டோரியன் புயல் கடந்தபோது, அதுவரை காயலின் நீரைப் பெருநிலப் பக்கம் தள்ளி வைத்திருந்த காற்று திசை மாறியதும், அந்நீர் முழுவதும் சிறிது நேரத்தில் ஊருக்குள் திரும்பியது. கடல் பக்கம் பார்த்துக் காத்திருந்த ஊரைக் காயல் பின்னாலிருந்து மூழ்கடித்தது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் ஏறியது; அதில் சிக்கிய கட்டடங்களில் உணவகங்களும் பள்ளியும் அடக்கம். டிசம்பர் வரை விருந்தினர் யாரையும் தீவு ஏற்கவில்லை. அந்த மாதங்களில் ஓக்ரகோக்கில் எங்கே சாப்பிடுவது என்று கேட்டவர்கள் ஓக்காக்கர்களே; பெருநிலத்திலிருந்து வந்த தொண்டர்கள் சமைத்துக் கொடுத்த சூடான உணவை, அதுவரை பிறருக்குச் சமைத்துப் போட்டவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஓத் என்ற பிரெஞ்சுச் சொல்லின் இரு பொருளும் ஒரு பருவத்துக்குள் இடம் மாறின. பந்தியில் பரிமாறிப் பழகிய கைக்கு ஏந்துவது எளிதாக வருவதில்லை. ஏற்பதும் ஓர் அறம், அதைக் கற்பதே கடினம் என்று விருந்தோம்பல் நூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

கிறித்தவ மரபில் ஏற்பதும் இடுவதும் இப்படிக் கலந்து நிற்கும் ஒரு கடற்கரைப் பந்தி உண்டு. யோவான் சுவிசேஷத்தின் 21ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாத சீடர்களை விடியலில் கரையில் நிற்கும் அடையாளம் தெரியாத ஒருவர் அழைத்து, உண்ண ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். அதாவது முதலில் அவர் கேட்பவராக வருகிறார். அவர் சொன்னபடி வீசிய வலையில் 153 பெருமீன்கள் சிக்குகின்றன. கரைக்கு வந்து பார்த்தால் அங்கே கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அருகில் அப்பமும் ஏற்கெனவே இருக்கின்றன. கேட்டவரிடமே உணவு தயாராக இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் அவர், நீங்கள் இப்போது பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்கிறார். 153 என்ற எண்ணுக்கு உட்பொருள் காண்பதில் அகஸ்தீன் முதலாக விரிவுரையாளர் பலர் பெருமுயற்சி செய்திருக்கிறார்கள். அதைவிட ஆராயத்தக்கது அந்தத் தேவையில்லாத வேண்டுகோள் என்று சொல்லத் தோன்றுகிறது. அடுப்பில் போதிய மீன் இருக்கும்போது வந்தவர்களின் மீனையும் ஏன் சேர்க்க வேண்டும்? அழைத்தவர் முழுமையாக இடுபவராக இருக்க மறுக்கிறார், அழைக்கப்பட்டவர்கள் முழுமையாக ஏற்பவராக இருக்கவும் விடமாட்டார் என்பதே பொருத்தமான விளக்கம். அந்தப் பந்தி யார் வீட்டிலும் நடக்கவில்லை, நீரும் நிலமும் சந்திக்கும் உடைமையற்ற விளிம்பில் நடந்தது.

ஓக்ரகோக்கிலிருந்து முகத்துவாரத்தைக் கடந்தால், படகில் சிறிது நேரத்தில், போர்ட்ஸ்மத் என்னும் ஊரை அடையலாம். 1753இல் குடியேற்ற ஆட்சியின் சட்டத்தால் நிறுவப்பட்ட அது, ஆழம் குறைந்த முகத்துவாரத்தில் பெருங்கப்பல்களின் சரக்கைச் சிறு படகுகளுக்கு மாற்றிக் கொடுத்துப் பிழைத்த துறைமுகம். 1846இல் ஒரு புயல் வடக்கே ஹாட்டரஸ் பக்கம் புதிய முகத்துவாரத்தைத் திறந்துவிட, கப்பல்கள் மெல்ல மெல்ல அவ்வழியே போகத் தொடங்கின. ஊர் சிறிது சிறிதாக மெலிந்து, 1971இல் கடைசியாக இருந்த இரு மூதாட்டியரும் வெளியேறினார்கள். வீடுகளும் வெண்ணிற மெத்தடிஸ்ட் கோயிலும் இப்போது வேறொரு தேசியக் கடற்கரையின் பராமரிப்பில் நிற்கின்றன. அங்கே கடை இல்லை, குடிநீர் இல்லை. போகிறவர்கள் உணவையும் நீரையும், கொசுவுக்கான மருந்தையும் தாமே கொண்டுபோக வேண்டும். எங்கே உண்பது என்ற கேள்விக்கு எங்குமில்லை என்பதே அங்கே வழக்கமான விடை.

ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அவ்வூரில் வாழ்ந்தோரின் வழித்தோன்றல்களும் ஊர்மேல் பற்றுள்ள மற்றவர்களும் அங்கே கூடுகிறார்கள். கோயிலில் வழிபாடும் பாடலும் முடிந்தபின், அமெரிக்கத் தென்பகுதித் திருச்சபைகளின் பழைய வழக்கப்படி, வெட்டவெளியில் மேசைகளை வரிசையாகப் போட்டு, அவரவர் வீட்டில் சமைத்து மூடிக் கொண்டுவந்த பாத்திரங்களைத் திறந்து பொதுவில் வைத்து உண்கிறார்கள். அந்தத் தீவில் விளைந்தது அந்த மேசைகளில் ஒன்றுமில்லை. பரிமாறுகிறவர்களில் அங்கே வீடு உள்ளவர் ஒருவரும் இல்லை. மாலைப் படகு புறப்படும் முன், காலிப் பாத்திரங்களையும் எஞ்சிய எலும்பையும் முள்ளையும்கூடப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு, வந்த வழியே அவர்கள் இறங்குதுறைக்கு நடக்கிறார்கள்.